கிறேஸ் வீடு தேடிய குளிர்காலம்

என் மனைவி கிறேஸுக்குக் கார் ஓடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் வீடு வாங்கிய கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது. நாலு தரம் லைசன்ஸ் சோதனைக்குப் போனாள். நாலு தரமும் பெயில். அவளுக்கு ஓடப் பழக்கியவன் நான்தான். லொறி ஓடுகிறவன் பெண்சாதிக்குக் கார் பழக்கக் கூடாது என்று யாராவது அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். மெதுவாகத் திருப்பினாலும் கத்தினேன், வேகமாகத் திருப்பினாலும் கத்தினேன். நாலாவது தரம் பெயிலான அன்று வாகனத் தரிப்பிடத்தில் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "இனி எனக்கு இது வேண்டாம். கால் இருக்கு, பஸ் இருக்கு" என்றாள். அவள் பெயிலானதில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

கிறேஸ் மன்னாரில் பேசாலைப் பெண். இருபத்து நான்கு வயதில் என்னைக் கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான். பெல்ட்டில் வரிசையாக வரும் குளிசை அட்டைகளில் ஓட்டை விழுந்ததையும் குளிசை குறைந்ததையும் கண்ணால் பிடித்து எடுத்து வெளியே போடுவது அவள் வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கும். நான் சொல்லப்போகும் குளிர்காலம் வரை, பதினாறு வருடத்தில் ஒரு நாளும் அவள் பிந்திப் போனதில்லை. காலையில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போகும்போது அவள் நடையே வேறு. எனக்கு அது அப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மொன்றியலின் வடக்கு ஓரத்தில், கார்ட்டியர்வில்லில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு டிசம்பரில் வீட்டுக்காரர் கடிதம் தந்தார். மகனுக்குக் கலியாணமாம், வீடு வேண்டுமாம், யூலை முதலாம் திகதிக்குள் எழும்ப வேண்டுமாம். பதினொரு வருடம் இருந்த வீடு. இரண்டு நாள் அவரைத் திட்டினேன். மூன்றாம் நாள், "இனியும் ஆரின்ரையோ வீட்டில ஏன் இருப்பான், சொந்தமா வாங்குவம்" என்று முடிவெடுத்தேன். கிறேஸும் சரி என்றாள். எங்கே வாங்குவது என்பதில்தான் இழுபறி தொடங்கியது.

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காரில் ஏறி, அந்த ஊரில் ஏற்கெனவே வீடு வாங்கியிருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போவது. அதுதான் ஊர் பார்ப்பது. நகரத்துக்கு வெளியே வடக்கில், மஸ்கூஷில் என் அண்ணன் மைக்கல் இருக்கிறார். அங்கே ஆட்டிறைச்சிக் கறி. தெற்கில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசாரில் என்னோடு துறைமுகத்தில் லொறி ஓடும் மட்டக்களப்புக் கஜீவன் இருக்கிறான். அங்கே நண்டு. மொன்றியல் ஒரு தீவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாலங்களில் நெரிசல் இல்லை, றோட்டில் ஈ காக்கை இல்லை. வயிறு நிறைந்த பிறகு வீட்டுக்காரர் எங்களைப் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிப் போய், "இதில நூறு பேர் இருக்கலாம்" என்று காட்டுவார். எங்கள் சனத்துக்கு வீட்டின் தரம் பேஸ்மென்ற்றில் பிறந்தநாள் விழாவுக்கு எத்தனை கதிரை போடலாம் என்பதில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதினைந்து நிமிஷம் என்பார்கள். கடை? பதினைந்து நிமிஷம். மெட்ரோ? அதுவும் பதினைந்து நிமிஷம்தான். எங்கள் ஆட்கள் வாயில் எல்லா இடமும் பதினைந்து நிமிஷத் தூரத்தில்தான் இருக்கின்றன. காரிலா, காலிலா, திங்கட்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் பொய்யர்கள் இல்லை. தாங்கள் வாங்கிய இடத்தில் குறை இருக்கிறது என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? பக்கத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர் வந்தால் அவர்களுக்கும் ஒரு துணை.

பெப்ரவரி தொடக்கத்தில் மைக்கல் அண்ணன் தெருவிலேயே, எதிர்ப்பக்கம் நாலு வீடு தள்ளி ஒரு வீடு விலைக்கு வந்தது. நாலு அறை, இரண்டு கார் நிறுத்தும் கராஜ், என் தலை தட்டாத உயரத்தில் பேஸ்மென்ற். எனக்குக் கண்டதும் பிடித்துவிட்டது. அடுத்த நாளே எங்கள் ஏஜென்ற் தியாகராசா கடதாசிகளோடு வந்து மேசையில் விரித்தார். எங்கள் மகள் மெலனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். அதில் "தூரம்" என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையைக் கிறேஸிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் அங்கயிருந்து எப்பிடி வேலைக்குப் போறது?" என்று கேட்டாள்.

"நான் கொண்டுபோய் விடுவன்."

"நீங்கள் நாலரைக்குத் துறைமுகத்துக்கு வெளிக்கிடுறனீங்கள்."

"அண்ணை விடுவார். இல்லாட்டி வேலையை விடு. அங்க வேறை வேலை எடுக்கலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னேன். கிறேஸ் தியாகராசாவுக்கு முன்னால் சத்தம் போடவில்லை. "எனக்குக் கடைக்குப் போகோணும், கோயிலுக்குப் போகோணும், வேலைக்குப் போகோணும். ஒவ்வொண்டுக்கும் ஒராளைப் பாத்து, கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டு நிக்க என்னால ஏலாது. நீங்கள் விரும்பினால் வாங்குங்கோ. நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றாள். தியாகராசா கடதாசிகளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு முகம் எரிந்தது.

அன்று பின்னேரம் அவள் தொலைபேசியில் அண்ணியோடு கதைப்பது கேட்டது. "நிண்டு போங்கோ, நிண்டு போங்கோ எண்டு ஒவ்வொரு கிழமையும் கேக்கிறனீங்கள் அக்கா. இந்த வியாழக்கிழமை வந்து நிக்கட்டோ?" என்றாள். எங்கள் வீடுகளில் விருந்தினர் புறப்படும்போது "நிண்டு போங்கோவன்" என்று இரவு தங்கச் சொல்லி மறிப்பது வழக்கம். ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது. இங்கே அதை ஒருவரும் உண்மையாகச் சொல்வதும் இல்லை, உண்மையாக எடுப்பதும் இல்லை. வாசலில் சப்பாத்துப் போடும்வரை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கிறேஸ் அதை அப்படியே எடுத்தாள். அண்ணி நிரஞ்சலா மறுமுனையில் கொஞ்சம் திகைத்திருப்பார்.

திட்டம் எளிமையானது. வேலை நாளுக்கு முதல் நாள் அந்த ஊரில் போய்த் தங்குவது, காலையில் ஒருவருடைய காரிலும் ஏறாமல் அங்கேயிருந்து வேலைக்குப் போய்ப் பார்ப்பது. பெல்ட்டில் நின்று குளிசை அட்டை பார்க்கிறவள் ஊரையும் அப்படித்தான் பார்ப்பாள். நான் சிரித்தேன். கோபத்தில் வந்த சிரிப்புத்தான்.

மஸ்கூஷில் வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே எழும்பிவிட்டாள். வெளியே மைனஸ் இருபத்தொன்று. அண்ணை பைஜாமாவோடு வந்து, "பிள்ளை, விசரே உனக்கு, நான் கொண்டுபோய் விடுறன்" என்று கார்த் திறப்பைத் தேடியிருக்கிறார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். தனியே விட மனமில்லாமல் அண்ணி கோட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்திருக்கிறார். நடைபாதை கிடையாது. பனிக் குவியலுக்கும் கார்களுக்கும் நடுவே றோட்டோரமாக இருவரும் நடந்தார்கள். பஸ் தரிப்பிடம் இருபத்தெட்டு நிமிஷம். தரிப்பிடத்தில் நின்றபோது அண்ணி சொன்னாராம்.

"கிறேஸ், இஞ்சை வந்து எட்டு வருஷம். இந்தச் சந்திக்கு இண்டைக்குத்தான் கால் வைக்கிறன். எப்பவும் காருக்குள்ள இருந்துதான் பாத்திருக்கிறன்."

அண்ணிக்கும் கார் ஓடத் தெரியாது. அதை அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அவர் எப்போதும் வீட்டில் இருந்தார், எப்போதும் சமைத்திருந்தார், நாங்கள் எப்போதும் போய்ச் சாப்பிட்டோம். அவருக்கு மாவோ மருந்தோ வேண்டுமென்றால் அண்ணை வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பஸ் வந்ததும் கிறேஸின் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாராம்.

இரண்டு பஸ், ஒரு மெட்ரோ, மறுபடி ஒரு பஸ். கிறேஸ் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிந்திப் போனாள். மேற்பார்வையாளர் நம்பாமல் மணிக்கூட்டைப் பார்த்தாராம்.

அடுத்த கிழமை புரோசார். அங்கே புதிய ரயில் இருக்கிறது, ஆற்றுக்கு மேலால் பறந்து போகும் என்று கஜீவன் சொல்லியிருந்தான். அது உண்மைதான். ஆனால் கஜீவன் வீட்டிலிருந்து ரயிலுக்கு ஒரு பஸ், ரயில் இறங்கி மெட்ரோ, மெட்ரோ இறங்கி இன்னொரு பஸ். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். டவுனில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல ஊர், எனக்கு இல்லை என்று ஒரு வரியில் முடித்தாள். எந்த ஊரையும் அவள் கூடாத ஊர் என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் சண்டை பிடிக்க இடமில்லை.

ஒன்பது நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. மஸ்கூஷ் வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று தியாகராசா சொன்ன நாளிலிருந்து எண்ணுகிறேன். கிறேஸ் வழமைபோலச் சோறு போட்டாள், நான் வழமைக்கு மேலாகக் கோப்பையைச் சத்தமாக வைத்தேன். மெலனி இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனாள். நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை இப்படி நடந்துகொண்டதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவதாக அவள் போன ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. அது லாவாலில் சொமெடி. கார்ட்டியர்வில்லில் இருந்து பாலம் கடந்தால் அந்தப் பக்கம். பழைய செங்கல் வீடுகள், நெருக்கமான தெருக்கள். அங்கே வீடு வாங்குவது ஒரு படி குறைவு என்று எங்கள் ஆட்களில் ஒரு பகுதிக்கு எண்ணம். எனக்கும்தான். கிறேஸோடு வேலை செய்யும் திருகோணமலை மீனாம்பிகை அக்கா அங்கே ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். கிறேஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவரோடு போய், வரவேற்பறைக் கட்டிலில் படுத்து எழும்பி வந்தாள்.

மீனாம்பிகை அக்கா ஊரைப் புகழவே இல்லையாம். "இஞ்ச பெரிசா ஒண்டும் இல்ல. எல்லாத்துக்கும் நடந்து போகலாம், அவ்வளவுதான்" என்றாராம். வீட்டிலிருந்து தரிப்பிடத்துக்கு ஆறு நிமிஷம். ஒரே பஸ் பாலத்தைத் தாண்டி சென்ட் லோரன்ட் பக்கம் போகிறது, இறங்கி இன்னொன்று. ஆறரைக்கே கிறேஸ் கொம்பனி வாசலில் நின்றாள். பின்னேரம் திரும்பவும் அங்கே போய், மீனாம்பிகை அக்காவோடு மருந்துக் கடை, கிளினிக், மெலனிக்குப் பள்ளிக்கூடம், மூலையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை, லெபனான்காரரின் பாண் கடை எல்லாம் நடந்து பார்த்துவிட்டுச் சூடாக ஒரு ரொட்டிப் பொதியோடு வீட்டுக்கு வந்தாள். மேசையில் வைத்துவிட்டு, "நடந்து போய் வாங்கினது" என்று மட்டும் சொன்னாள். ஒன்பதாவது நாள் இரவுச் சாப்பாடு அந்த ரொட்டியோடுதான் நடந்தது. நான் இரண்டு சாப்பிட்டுவிட்டு, "உன்ரை இஷ்டம்" என்றேன். அதில் அன்பு இருந்தது என்று சொன்னால் பொய். தோற்றுப்போன கடுப்புத்தான் இருந்தது.

யூன் கடைசியில் சொமெடியில் குடிபுகுந்தோம். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டிய ஒட்டுவீடு. மூன்று அறை, ஒரு குளியலறை. பேஸ்மென்ற்றில் இருபது கதிரை போட்டால் இருபத்தோராவது ஆள் படியில் இருக்க வேண்டும், நான் இறங்கினால் நெற்றி உத்தரத்தில் அடிபடும். அடிபடும்போதெல்லாம் மஸ்கூஷ் வீட்டை நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டும் சொன்னேன். விருந்துக்குப் போன இடமெல்லாம், "எங்கடை வீட்டை மனிசி பஸ் தரிப்பிடத்தைப் பாத்து வாங்கினவ" என்று பகிடி விட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள். கிறேஸும் சிரிப்பாள்.

அடுத்த வருடம் நவம்பரில் அது நடந்தது. துறைமுக வாசலில் லொறிகள் வரிசையில் நிற்க, நானும் என் லொறியில் காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது அம்புலன்சின் கூரை. வலிப்பு வந்திருக்கிறது. லொறி நின்ற இடத்தில் நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு இன்றைக்கும் கடவுளுக்குத் தோத்திரம் சொல்கிறேன். இரண்டு கிழமை கழித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்னொரு தரம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரெஞ்சில் நிதானமாக விளக்கினார். எனக்கு அரைவாசிதான் பிடிபட்டது. மெலனி பக்கத்தில் இருந்து சொன்னாள். "பப்பா, நீங்கள் இப்ப ஓடக்கூடாதாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

அவள் டொக்டரிடம் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கார் பேந்து பாக்கலாமாம். லொறி... லொறியை மறக்கச் சொல்லுறார் பப்பா." சொல்லிவிட்டு அவள் அழுதாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தச் செய்தியைத் தகப்பனுக்குத் தமிழில் சொல்ல வேண்டி வந்ததே என்றுதான் எனக்கு முதலில் மனம் நொந்தது. இருபத்தொரு வருடம் லொறி ஓடியவன் நான். என் பிழைப்பு அங்கேயே, ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கதிரையில் முடிந்தது.

முதல் கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் கிழமை மருந்து முடிந்தது. கிறேஸ் வேலையில், மெலனி பள்ளிக்கூடத்தில். யாரைக் கேட்பது என்று கை தானாகத் தொலைபேசிக்குப் போனது. பிறகுதான் மருந்துக் கடை நடந்து போகிற தூரத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஏழு நிமிஷம். அடுத்த நாள் கிளினிக்குக்கு இரத்தம் கொடுக்க நடந்தேன். தலைமயிர் வெட்டப் போனேன். பாண் கடைக்குப் போனேன், கடைக்காரர் "போன்ஜூர்" சொன்னார், அடுத்த முறை என்ன ரொட்டி என்று கேட்காமலே எடுத்துத் தந்தார். ஞாயிறு பூசைக்குக் கிறேஸோடு பஸ்ஸில் போய் வந்தேன். ஒருவரையும் கேட்கவில்லை.

நத்தார் பண்டிகைக்கு அண்ணை வந்து எங்களை மஸ்கூஷுக்குக் கூட்டிப் போனார். அதே ஆட்டிறைச்சிக் கறி. சாப்பிட்டுவிட்டு முன் கண்ணாடி யன்னலோரம் போய் இருந்தேன். வெள்ளை வெளேரென்று அகலமான தெரு, ஒரு மனிசர் இல்லை. நான் ஆசைப்பட்ட அந்த வீடு அங்கேயிருந்து தெரிந்தது. இரண்டு கார்க் கராஜின் கதவு மூடியிருந்தது. இங்கே வாங்கியிருந்தால் இந்தப் பனிக்காலம் முழுக்க இப்படி ஒரு யன்னலோரம் இருந்து, யார் கார் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டார்.

"நீங்கள் தப்பியிட்டியள் தம்பி" என்றார்.

அன்று திரும்பும்போது அண்ணையைத் தனியே கூப்பிட்டு, அண்ணியை வாரத்தில் இரண்டு நாளாவது அவர் கேட்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கோ என்று சொன்னேன். தம்பி அண்ணனுக்குச் சொல்லக்கூடிய கதை இல்லைத்தான். அவர் தலையை ஆட்டினார். இப்போது செவ்வாயும் சனியும் இருவரும் வெளிக்கிடுகிறார்கள் என்று கேள்வி.

மார்ச்சில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலை. வரும் கொன்டெய்னர்களின் இலக்கத்தையும் உள்ளே இருக்கும் சாமானையும் துண்டோடு சரிபார்க்கிற வேலை. கொன்டெய்னர் எனக்குத் தெரியாததா? கிறேஸின் கொம்பனியில் இருந்து நாலு தெரு தள்ளி. அதே ஏழு மணி.

முதல் நாள் காலை இரண்டு பேரும் சேர்ந்து வெளிக்கிட்டோம். அதுவரை பஸ்ஸில் எனக்கும் அவளே காசு போட்டதால், பஸ் கார்ட்டை எந்தப் பக்கம் வைத்துத் தட்டுவது என்று அவள்தான் வழியில் சொல்லித் தந்தாள். எங்கே நின்றால் கதவு சரியாக முன்னால் வரும், எந்த இருக்கைக்குப் பக்கத்தில் சூடு வரும், எல்லாம் சொன்னாள். ஒரு தரம்கூடக் கத்தவில்லை. நான் அவளுக்குக் கார் பழக்கிய நாட்கள் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

தரிப்பிடத்தில் எங்களைத் தவிர மூன்று பேர். மூக்கு விறைக்கிற குளிர். எனக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"கிறேஸ், எனக்கு இப்பிடி ஒண்டு வருமெண்டு உனக்கு ஏதும் மனசில பட்டதோ, அந்த நேரம்?"

"விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்றாள். "நான் எனக்காகத்தான் பாத்தனான். உங்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை."

உண்மையைத்தான் சொன்னாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். எனக்காக அவள் தேடாத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அவள் அன்று பேனையை வாங்காமல் இருந்ததால் கிடைத்தது. நானாக இருந்தால் அந்தப் பகிடிகளுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. பதினெட்டு வருடத்தில் அவளுக்கு ஒரு தரமாவது நன்றி சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஆம்பிளைகள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

"கிறேஸ், உனக்கு நன்றி" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு என் நெற்றியில் கை வைத்தாள். "என்னப்பா, தலை சுத்துதோ? இருக்கப்போறியளோ?"

"இல்லையப்பா. நல்லாத்தான் இருக்கிறன்."

அவள் நம்பவில்லை. பஸ் வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.